அக்குபங்சர் கிளினிக்: பங்கு அறையா, சொந்த இடமா, பொதுக் கூடமா?

படிப்பும் பயிற்சியும் முடிந்து, தனியாகப் பார்க்கலாம் என்ற தைரியம் வந்ததும் பெரும்பாலான அக்குபங்சர் சிகிச்சையாளர்கள் 'டு-லெட்' பலகையைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், பார்க்கிங் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு கட்டிலில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் படுக்க வைக்க முடியும்?

தமிழ்நாட்டு ஊர்களில் நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. இன்னொருவர் கிளினிக்கில் ஓர் அறையை எடுத்துக்கொள்வது (பங்கு அறை), சொந்தமாக இடம் பிடிப்பது, சாய்வு நாற்காலிகள் போட்டுப் பலரை ஒரே கூடத்தில் பார்ப்பது, வீடு தேடிப் போவது. நான்கிலும் சிகிச்சை ஒன்றுதான். பணமும் நேரமும் போகும் வழிதான் வேறு.

முதலில் நேரம். முதல் முறை வருபவருக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அடுத்தடுத்த வருகைகளில் பேச்சு, நாடி, நாக்கு பார்க்க 5 நிமிடம், ஊசி போட 5 முதல் 7 நிமிடம், ஊசியோடு படுத்திருக்க 20 முதல் 25 நிமிடம், எடுக்க 3 நிமிடம். எழுந்து உடை சரிசெய்து, விரிப்பு மாற்றி, அடுத்தவர் படுக்க 5 நிமிடம். மொத்தம் 40 நிமிடம் கட்டில் போய்விடுகிறது. உங்கள் கை வேலை செய்வதோ 15 நிமிடம்தான். காலை 10 முதல் 1, மாலை 5 முதல் 8 என ஆறு மணி நேரம் வைத்தால், ஒரு கட்டிலில் ஏட்டுக் கணக்குக்கு ஒன்பது பேர் வரும். தாமதமாக வருபவர், முதல் முறை வருபவர் எல்லாம் சேர்ந்தால் நிஜத்தில் ஏழெட்டுப் பேர். இரண்டாவது கட்டில் போட்டால் அதே கை, அதே ஆறு மணி நேரத்தில் 12 முதல் 14 பேர் வரை பார்க்கும். மூன்றாவது கட்டில் அந்த அளவுக்குக் கூட்டித் தராது. அதற்குள் உங்கள் கை நிரம்பியிருக்கும்.

இனி பணம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கட்டணம் 400 ரூபாய். ஊசி 12, ஒன்று 3 ரூபாய் வீதம் 36. பஞ்சு, ஸ்பிரிட், காகித விரிப்புக்கு 14. ஆக 50 போனால் கையில் நிற்பது 350. மாதம் 25 நாள் வேலை.

சொந்த இடத்துக்கு வாடகை 15,000, உதவியாளர் சம்பளம் 10,000, கரண்ட் 2,500, கழிவு எடுக்கும் நிறுவனத்துக்கு 1,000, துணி வெளுப்பு, போன், துப்புரவுக்கு 2,500 என்று வைத்தால் மாதம் 31,000. இதை ஈடுகட்ட மாதத்துக்கு 89 தடவை பார்க்க வேண்டும், அதாவது நாளைக்கு மூன்றரை பேர். நான்காவது ஆளிலிருந்துதான் உங்கள் சம்பளம் ஆரம்பிக்கிறது. நாளைக்கு எட்டுப் பேர் வந்தால் 39,000 மிஞ்சும். நான்கு பேர்தான் என்றால் வெறும் 4,000.

பங்கு அறையில் 40 சதவீதம் இடத்துக்காரருக்கு என்று பேசினால், 400-இல் 160 அவருக்கு, 50 பொருளுக்கு, 190 உங்களுக்கு. நாளைக்கு நான்கு பேர் வந்தால் 19,000. எட்டுப் பேர் வந்தால் 38,000. அதாவது ஏறக்குறைய எட்டுப் பேர் வரும்வரை சதவீதப் பங்கு சொந்த இடத்தைவிட லாபம், அதற்கு மேல் போனால் நஷ்டம். ஒரே கட்டில் கொள்வதும் அந்த எட்டுப் பேர்தான் என்பதைக் கவனியுங்கள்.

அதே அறையைச் சதவீதம் இல்லாமல் மாதம் 12,000 என்று நிலையான வாடகைக்குப் பேசினால் கணக்கு இன்னும் மாறுகிறது. நாளைக்கு மூன்று பேருக்கு மேல் வந்தாலே நிலையான வாடகைதான் மலிவு. எட்டுப் பேர் வந்தால் 58,000 நிற்கும். சொந்த இடத்தில் அந்தத் தொகையைத் தொட நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல் வர வேண்டும். முதல் நாளே சொந்த போர்டு மாட்ட ஆசைப்படுபவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தால் போதும்.

நிலையான வாடகைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அலோபதி மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. இடத்துக்காரர் அப்படிப்பட்ட மருத்துவராக இருந்து, அவர் அனுப்பும் நோயாளிக்கு நீங்கள் சதவீதம் கொடுத்தால், இருவரும் அதை 'அறை வாடகை' என்று எழுதி வைத்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது கமிஷன்தான். தொகையை நிலையாக வைத்து, மாதா மாதம் வங்கி வழியே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. யாரோடு சேர்வது என்றால், பிசியோதெரபி நடத்துபவரும் இயற்கை மருத்துவப் பட்டம் (பி.என்.ஒய்.எஸ்.) பெற்ற மருத்துவரும் ஒத்துப்போவார்கள். பி.என்.ஒய்.எஸ். பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் இருப்பதால் நீங்கள் செய்வது என்ன என்று விளக்க வேண்டியிருக்காது. பல் மருத்துவமனையும் பரவாயில்லை, ஆனால் அங்கே மாக்சா (புள்ளிகளுக்குச் சூடு கொடுக்கக் கொளுத்தும் காய்ந்த மூலிகை) கொளுத்த முடியாது. ஏ.சி. போட்டு மூடிய கட்டடத்தில் அந்தப் புகை பக்கத்து அறைக்குப் போய், ஒரே வாரத்தில் உங்கள் பேச்சு அடிபடும். அங்கே சூடு கொடுக்கும் டி.டி.பி. மின்விளக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். விளக்கைத் தோலிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

பங்கு அறையில் ஏமாறும் இடம் வாடகை அல்ல, நேரம். 'டாக்டர் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். அது பெரும்பாலும் பகல் 2 முதல் 5 ஆக இருக்கும். சாப்பிட்டுவிட்டு வெயிலில் யார் வருவார்கள்? வேலைக்குப் போகிறவர் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார், வீட்டில் இருப்பவர் பதினொன்றுக்கு. மாலை நேரம் இல்லாத அறையைப் பாதி வாடகைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை வேறு சில: எந்தெந்த மணி நேரம், போர்டில் உங்கள் பெயர் வருமா, நோயாளிக் குறிப்புகள் யாரிடம் இருக்கும், விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், விலகும்போது உங்கள் நோயாளிகளுக்குப் புது முகவரியைச் சொல்லலாமா. கடைசி இரண்டையும் வாய்வார்த்தையாக விட்டால்தான் பிறகு மனக்கசப்பு வருகிறது.

சொந்த இடம் என்று முடிவு செய்தால் இரண்டு கட்டிலுக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். ஒரு கட்டிலுக்காகத் தனிக் கடை எடுப்பது மேலே போட்ட கணக்குப்படி வீண். கட்டிலைச் சுற்றி மூன்று பக்கம் நடக்க இடம் வேண்டும். தலைப்பக்கம் சுவரில் ஒட்டினால் தலை, கழுத்துப் புள்ளிகளுக்கு வளைந்து வளைந்து உங்கள் இடுப்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவே துணித் திரை போதும் என்பார்கள். கண்ணை மறைக்க அது போதும், காதை மறைக்காது. மாதவிடாய், மூலம், ஆண்மை சம்பந்தப்பட்ட பேச்செல்லாம் திரைக்குப் பின்னால் வாயில் வராது. பேசுவதற்கென்று வாசல் பக்கம் பிளைவுட் தடுப்பு போட்டு நான்கடிக்கு நான்கடியாவது ஒதுக்குங்கள். தரைக்கு வெள்ளை நிறப் பளபள டைல்ஸ் வேண்டாம், விழுந்த ஊசி அதில் தெரியாது. குச்சி நுனியில் காந்தம் கட்டி, கடை சாத்தும் முன் கட்டிலடியில் ஒரு தடவை ஓட்டிவிடுவது நல்ல பழக்கம்.

ஊசி எண்ணிக்கைதான் இரண்டு கட்டிலில் ஏற்படும் முதல் பிரச்சினை. ஒரு கட்டிலில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள், அதற்குள் போன் அடிக்கிறது, உதவியாளர் எடுத்துவிடுகிறார். ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: உச்சந்தலையில் முடிக்குள், காதுக்குப் பின்னால், புடவை மடிப்பு மறைத்த கணுக்காலில். போட்ட உடனே எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிலில் கிளிப் போட்டு மாட்டுங்கள். எடுத்தவர் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். 12 போட்டு 11 எடுத்திருந்தால், நோயாளி செருப்பு மாட்டுவதற்குள் கண்டுபிடித்துவிடலாம்.

ஊசி வாங்குவதில் சேமிக்கப் பார்க்காதீர்கள். ஒரு தடவை மட்டும் பயன்படும், கிருமி நீக்கிய, காலாவதித் தேதி அச்சிட்ட உறைதான் வேண்டும். 0.25 × 25 மில்லிமீட்டர் அதிகம் செலவாகும். தொடை, புட்டத்துக்கு 40, 50 நீளம் கொஞ்சம், முகத்துக்கு மெல்லிய 0.18 அல்லது 0.20 கொஞ்சம். எல்லா அளவையும் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினால் பாதி காலாவதியாகும்.

கழிவை விட முடியாது. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் படுக்கை எண்ணிக்கை பார்ப்பதில்லை, சின்ன கிளினிக்குக்கும் பொருந்தும். ஊசி போவது குத்துப்படாத வெள்ளை டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும், பொதுக் கழிவு நிலையத்தோடு ஒப்பந்தமும் வேண்டும். டப்பா முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிடுங்கள், மேலிருந்து அழுத்தித் திணிக்கும்போதுதான் கையில் குத்துகிறது. பங்கு அறையில் இந்த வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும், நீங்கள் அதில் சேர்ந்துகொள்ளலாம். முதல் வருடத்துக்குப் பங்கு அறை நல்லது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

சட்டம் நான்கு வழிக்கும் ஒன்றுதான் என்றாலும் சொந்த போர்டு மாட்டும்போதுதான் உறைக்கும். மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் தனித்த முறையாகவே அங்கீகரித்தது. மேற்கு வங்கம் 1996-லும் மகாராஷ்டிரம் 2015-லும் தனிச் சட்டம் இயற்றின. இங்கே இடம் பிடிக்கும் முன், 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உங்கள் கிளினிக் எப்படிப் பதிவாகும் என்று சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். மருத்துவப் பட்டம் இல்லாமல் பெயருக்கு முன் 'டாக்டர்' வேண்டாம். 'சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம், குழந்தையின்மை குணமாகும்' என்று நோட்டீஸ் அடிப்பதும் வேண்டாம். இவை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்கள். ஆங்கில மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்வது எல்லாவற்றிலும் மோசம். இன்சுலினை நிறுத்தியவர் ஐ.சி.யூ.வில் கிடந்தால் எந்தப் போர்டும் உங்களைக் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது.

பொதுக் கூடம் இங்கே இன்னும் அதிகம் பரவவில்லை. அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரில் 2002-இல் தொடங்கிய 'வொர்க்கிங் கிளாஸ் அக்குபங்சர்' இந்த முறையைப் பிரபலமாக்கியது. அதற்கு முன்பே நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் போதை மீட்புக்கு வந்தவர்களை ஒரே அறையில் உட்கார வைத்துக் காதில் ஊசி போட்டார்கள். வரிசையாகச் சாய்வு நாற்காலி, குறைந்த கட்டணம், முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே உள்ள புள்ளிகள், காது, தலை, அவ்வளவுதான். முதுகில் போடுவதில்லை. இதில் ஒரு பெரிய ஆபத்து தானாகவே குறைகிறது. ஜி.பி. 21 போன்ற தோள்பட்டைப் புள்ளிகளிலும் மேல்முதுகிலும் ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் காற்று புகுந்துவிடும், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். கூடத்தில் அந்தக் கவலை இல்லை. ஆனால் இடுப்பு வலிக்கு இடுப்பிலேயே ஊசி போட்டுப் பழகியவருக்குக் கை கட்டிப் போட்டது போல இருக்கும். தூரப் புள்ளிகளில் நன்றாகத் தேறியவர் மட்டும் இதை யோசிக்கலாம்.

கூடத்தின் பணக் கணக்கு கண்ணைத் திறக்கும். ஆறு நாற்காலி, கட்டணம் 150, பொருளுக்கு 30 போக 120. கூட வாடகை 22,000, உதவியாளர் இருவருக்கு 20,000, கரண்ட் 4,000, மற்றவை 4,000, ஆக 50,000. ஈடுகட்டவே நாளைக்கு 17 பேர் வேண்டும். சொந்த இடத்தில் எட்டுப் பேரால் கிடைத்த அதே 39,000 கிடைக்க, நாளைக்கு 30 பேர். ஆறு நாற்காலியும் ஐந்து சுற்று நிரம்பினால்தான் 30. ஒரு நாள்கூடக் காலியாக விட முடியாது, ஐப்பசி மழையும் பொங்கல் வாரமும் அப்படி விடாது. கட்டணத்தை 200 ஆக்கினால் 30 பேர் தேவை 21 பேராக இறங்குகிறது. எனவே கூடம் நடத்துபவர் '150-க்கும் கீழே கொடுத்தால் கூட்டம் அள்ளும்' என்று நம்பி விலையை இறக்குவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பஸ் நிலையம், மார்க்கெட், பெரிய கோயில் பக்கம் போல ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி நேரமோ தனிப் பகுதியோ வைத்துச் செய்தால் ஓடும். ஒட்டிப்பிடிக்கும் லெகின்ஸ், ஜீன்ஸ் போட்டு வருபவர்களுக்கு முழங்கால் வரை மடிக்க வராது. தொளதொள பேன்ட்டும் கைலியும் துவைத்து அடுக்கி வைத்திருங்கள். முதல் முறை, அதுவும் வெறும் வயிற்றில் வருபவருக்கு ஊசி மயக்கம் வரலாம். ஊசிகளை எடுத்து, படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்தால் தெளிந்துவிடுவார். ஆனால் மற்ற ஐந்து பேர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முழுவதும் பின்னால் சாயும் நாற்காலிதான் வாங்க வேண்டும் என்பது அதனால்தான்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது காகிதத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். தடவைக்கு 800, பெட்ரோலுக்கு 100, பொருளுக்கு 50 போக 650. நாளைக்கு நான்கு வீடு என்றால் மாதம் 65,000, வாடகையே இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குப் போக வர, பார்க்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். வாசலில் போய் நிற்கும்போது 'இன்னைக்கு வேண்டாம்' என்பார்கள். மாதம் முழுக்க நாளைக்கு நான்கு என்பது நடக்காது, இரண்டு வீடு என்றால் 32,500. தாழ்வான கட்டிலில் குனிந்து குனிந்து போடுவதால் இடுப்பு வாங்கும். மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் பக்கத்தில் யாரும் இல்லை, ஆகவே வீட்டில் மேல்முதுகைத் தொடாதீர்கள். ஊசி டப்பாவை வண்டியிலேயே எடுத்துத் திரும்ப வேண்டும், அந்த வீட்டுக் குப்பையில் ஒன்றுகூட விழக் கூடாது. பெண் சிகிச்சையாளர் புது வீட்டுக்குத் தனியாகப் போவதைத் தவிர்ப்பது நல்லது. பக்கவாதத்தில் படுத்திருப்பவர், கீழே இறங்க முடியாத முதியவர் என்று இரண்டு மூன்று குடும்பங்களை, கிளினிக் இல்லாத மதிய நேரத்தில் பார்க்க இது ஏற்ற வழி. முழுநேரத் தொழிலாக வேண்டாம்.

தமிழ்நாட்டில் நிறையப் பேர் ஊசியே இல்லாமல் நாடி பார்த்து ஒரே புள்ளியில் விரலால் தொட்டு அனுப்பும் தொடு சிகிச்சை செய்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. கட்டில் வேண்டாம், கழிவு இல்லை, இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போதும், பங்கு அறை தாராளம். ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: வலிக்கு அக்குபங்சர் பயன்படுகிறது என்று காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் ஊசி வைத்துச் செய்தவை. அந்த முடிவுகளைத் தொடு சிகிச்சை நோட்டீஸில் போட்டுக்கொள்ளக் கூடாது.

எந்த வழியானாலும் தொடர்ந்து வருகிறவர்கள்தான் கணக்கை நிமிர்த்துகிறார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கு முதல் இரண்டு மூன்று வாரம் வாரம் இரு முறை, ஐந்தாவது தடவையில் உட்கார்ந்து மதிப்பிடுவது, பலன் தெரிந்தால் பத்து வரை போவது என்று முதல் நாளே சொல்லுங்கள். பாதிப் பேர் விலகுவது இரண்டு காரணத்தால்: இரண்டாவது தடவையிலேயே வலி குறைந்துவிட்டது, அல்லது மறுநாள் வலி கூடியது. இரண்டும் நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் போன் செய்து கேட்பார்கள், சொல்லாவிட்டால் வரமாட்டார்கள். பத்துத் தடவைக்கும் மொத்தமாக முன்பணம் வாங்குவதைவிட ஐந்துக்கு வாங்குவது மேல். வாங்கிய பணம் செலவாகிவிட்டது, நோயாளி மூன்றாவது தடவையோடு நிறுத்தி மீதியைக் கேட்கிறார் என்ற நிலை வந்தால் வாடகைப் பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு, மாலை நேரம் கிடைக்கும் பங்கு அறையை நிலையான வாடகைக்கு எடுப்பதையே சொல்வோம். எப்போது மாறுவது என்பதற்கு நோட்டில் ஒரு தனிப் பத்தி போடுங்கள்: மாலை ஆறு மணிக்குக் கேட்டு இடமில்லை என்று அனுப்பியவர்கள் எத்தனை பேர். கட்டில் தினமும் எட்டுப் பேரோடு நிரம்பி, இந்தப் பத்தியிலும் மூன்று மாதம் தொடர்ந்து நாளைக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்தால், இரண்டு கட்டில் உள்ள இடம் தேடலாம். போன் நம்பரை மட்டும் முதல் நாளிலிருந்தே கிளினிக்குக்கென்று தனி சிம்மில் உங்கள் பெயரில் வையுங்கள். இடத்துக்காரரின் ரிசப்ஷன் நம்பரைச் சீட்டில் அச்சடித்திருந்தால், இடம் மாறிய பிறகும் உங்கள் நோயாளிகள் அங்கேதான் கூப்பிடுவார்கள்.